வாடை இல்லாத மருந்து

அன்புள்ள தம்பி,

ஒரு வெட்கக்கேட்டிலிருந்து தொடங்குகிறேன். தீபாவளிக்கு வந்தபோது உன் தொழிற்சாலையில் செய்ததென்று ஒரு போத்தல் சவுக்காரத் தண்ணி கொண்டுவந்து கொடுத்தாய். தேன் நிறத்தில், சாய்த்தால் மெல்ல நகரும். அதைத் தொட மனமில்லாமல் சாமிப்படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். மார்கழியில் ஒரு காலை கமலாவின் அப்பா நோர்வூட்டிலிருந்து வந்தார், மகளின் வளைகாப்புக்கு நாள் பேச. வந்த மனிதருக்குத் தேத்தண்ணி கொடுத்தோமா, பேசினோமா என்று இருந்திருக்கலாம். எனக்குத்தான் பெருமை பொறுக்காதே. "எம் மகன் கையால செஞ்சதுங்க சம்பந்தி, கட்டிச் சவுக்காரம் எல்லாம் இனிமே எதுக்கு" என்று போத்தலை எடுத்துக் கவிழ்த்தேன். ஒரு சொட்டு வரவில்லை. குளிரில் உள்ளே இருந்தது வெள்ளையாய் உறைந்து பன்றிக்கொழுப்பு மாதிரி உட்கார்ந்திருந்தது. குலுக்கினேன். அடியில் தட்டினேன். அவரும் பாவம், உதவி செய்ய நினைத்துக் கிட்டக் குனிந்தார். மூன்றாவது தட்டில் மொத்தமும் ஒரே கட்டியாகக் கிளம்பி அவர் மடியில் போய் விழுந்தது. கல்யாணத்துக்கு எடுத்த வேட்டி. "பரவாயில்லீங்க சம்பந்தி, சவுக்காரம்தானே, துவைச்சா அதுலயே போயிரும்" என்றார். நல்ல மனிதர். பீலிக் குழாய்த் தண்ணியில் எவ்வளவு அலசியும் போகாமல், தொடையில் வழுவழுவென்று ஒட்டிக்கொண்டிருந்த அதோடேயே பஸ் ஏறினார்.

பொங்கலுக்கு நீ வந்தபோது போத்தல் உறைந்துபோனதை மட்டும் உன்னிடம் சொன்னேன், வேட்டியைச் சொல்லவில்லை. பாதியைச் சொல்லி மீதியை விழுங்குவது எனக்கு நெடுநாள் பழக்கம். இந்தக் கடிதம் அந்த மீதியைப் பற்றியது. எட்டாம் வகுப்போடு நின்றுபோன கை, நீளமாக எழுதினால் வரிகள் மலைப்பாதை மாதிரி ஏறி இறங்கும். பொறுத்துக்கொண்டு கடைசி வரைக்கும் படி. உட்கார்ந்து படி. கமலாவைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாதே. முதலில் நீ படித்துவிட்டு, பிறகு அவளுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்.

பொங்கலன்று சாயந்தரம் அடுப்படியில் நடந்ததை நீ மறந்திருக்கலாம், எனக்கு ஒவ்வொரு சொல்லும் நினைவிருக்கிறது. போத்தல் ஏன் உறைந்தது என்று கேட்டேன். நீ கரித்துண்டை எடுத்து அடுப்புக்கல்லில் ஒரு புள்ளியும் அதிலிருந்து ஒரு கோடும் போட்டாய். "இதுதாம்பா சவுக்காரத்தோட ஒரு துணுக்கு. தலை இருக்கே, அதுக்குத் தண்ணின்னா உசுரு. வாலுக்குத் தண்ணியே ஆகாது" என்றாய். "அப்ப அது எங்க போய் நிக்கும்?" என்று கேட்டேன். "கொஞ்சம் பேரு இருந்தா மேல் தண்ணியில போய் வாலை வெளிய நீட்டிக்கிட்டு நிப்பாங்க. மேல எடம் நெறைஞ்சிருச்சுன்னா? உள்ள தனித்தனியா கொஞ்ச நேரம் அலைவாங்க. ஒரு அளவு தாண்டினதும், அதுவரைக்கும் ஒண்ணுமே நடக்காத மாதிரி இருந்துட்டு, திடீர்னு கும்பல் கும்பலாச் சேந்துருவாங்க. வாலெல்லாம் உள்ளுக்கு, தலையெல்லாம் வெளியில." அந்தக் கும்பலுக்கு ஒரு இங்கிலீஷ் பேர் சொன்னாய், மைசெல் என்றோ என்னவோ. எனக்குப் பெயர் நிற்கவில்லை, காட்சி நின்றுவிட்டது. மழை பிடித்துக்கொண்டால் மலையில் நம்ம பெண்கள் நிற்கிற மாதிரி. ஒருத்தர் இரண்டு பேர் என்றால் ஆளுக்கொரு தேயிலைச் செடிக்கடியில் ஒடுங்குவார்கள். பத்துப் பேர் சேர்ந்துவிட்டால் கம்பளியை வெளியே காட்டி வட்டமாகக் குந்திக்கொள்வார்கள், பிடுங்கின கொழுந்தும் உடம்புச் சூடும் நடுவில். நான் இதைச் சொன்னதும் நீ சிரித்தாய். "அதேதாம்பா. எண்ணெய் அழுக்கு அந்த நடுவுல போய் ஏறிக்கும், தண்ணி மொத்தத்தையும் இழுத்துக்கிட்டுப் போயிரும்" என்றாய்.

குளிரில் வால்கள் விறைத்துப்போய் அடுக்கி வைத்த விறகு மாதிரி படுத்துவிடும், அதுதான் உறைதல், சூடு காட்டினால் மறுபடி எழுந்து கும்பல் கூடும் என்றாய். உப்புப் போட்டால் ஒன்றையொன்று தள்ளுகிற தலைகள் சாந்தமாகி நெருங்கும், கும்பல் உருண்டையை விட்டு நீள நீளமாகும், தண்ணி கெட்டிப்படும், மேலும் மேலும் உப்பைக் கொட்டினால் சவுக்காரம் தண்ணியே வேண்டாமென்று மேலே வந்துவிடும் என்றாய். அது மட்டும் எனக்கு முன்பே தெரியும். எத்தனை வருடம் சவுக்காரம் காய்ச்சினவன் நான், உப்பைப் போட்டால் பிரியும் என்று கைக்குத் தெரியும், காரணம் தெரியாது. மகன் காரணம் சொல்ல அப்பன் கேட்டுக்கொண்டிருப்பது எவ்வளவு சுகம் என்று உனக்கும் ஒருநாள் தெரியும். அந்தச் சுகத்தில் இருக்கும்போதுதான் நீ போகிற போக்கில் இன்னொன்றைச் சொன்னாய்.

"எங்க லபோரட்டரியில ஒரு கூத்துப்பா. கிருமி கொல்ற சவுக்காரத் தண்ணி செய்யுறோம்னு கார்பாலிக் மருந்தைப் போட்டோம். கலங்கலா இருந்துச்சு. பாக்க நல்லா இருக்கட்டும்னு சவுக்காரத்தை ஏத்திக்கிட்டே போனோம். கண்ணாடி மாதிரி தெளிஞ்சிருச்சு, வாடை கூட அடங்கிருச்சு. எல்லாருக்கும் சந்தோசம். பரிசோதிச்சுப் பாத்தா கிருமி சாகவே இல்ல."

"ஏன் சாகல?" என்று கேட்டேன்.

"அந்த மருந்துக்கும் தண்ணி அவ்வளவாப் புடிக்காதுப்பா. கும்பல் நெறைய இருந்தா அதுக்குள்ள போய் ஒளிஞ்சுக்கும். மருந்து தண்ணியிலதான் இருக்கு, ஆனா வெளிய வந்து வேலை செய்ய ஆளில்ல. தெளிவா இருக்கேன்னு நம்பி ஏமாந்துட்டோம்."

நான் எழுந்து, மாட்டைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று வெளியே போனேன். மாட்டை விற்று இரண்டு வருடமாகிறது. கமலா உன்னைப் பார்த்ததும், நீ என் முதுகைப் பார்த்ததும் எனக்குத் தெரியும். வெறுங் கொட்டிலில் முளைக்குச்சியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

திரும்பி வந்தபோது பேச்சு மாறியிருந்தது. கமலா வெகுளியாகச் சொல்லிக்கொண்டிருந்தாள், "எங்க தோட்டத்து மருத்துவிச்சியம்மா இருக்காங்கல்ல, செல்லம்மா, ரொம்பக் கைராசிக்காரங்க மாமா. எங்க அக்கா ரெண்டு புள்ளையும் அவங்க கையிலதான்." உன் முகம் போன போக்கைப் பார்த்தேன். எந்தச் செல்லம்மா, முன்னே எந்தத் தோட்டத்தில் இருந்தவள் என்று நீ கேட்டாய். அவள் நம்ம தோட்டத்தைச் சொன்னாள். மறுநாள் கொட்டகலை ஸ்டேஷனில், கமலா பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தபோது, என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாய். "நீங்களே நோர்வூட்டுக்குப் போயி மாமாகிட்டச் சொல்லிருங்கப்பா. வளைகாப்பு செய்யட்டும், ஆனா கமலாவை அங்க விட முடியாது. எங்கம்மாவைக் கொன்ன கையில எம் பொண்டாட்டிய நான் குடுக்க மாட்டேன். தலைப்பிள்ளை தாய்வீட்டுலதான்னு சண்டைக்கு வந்தா வரட்டும், உறவே வேணாம்." நான் தலையாட்டினேன். ரயில் வந்தது, நீங்கள் ஏறினீர்கள். நான் தலையாட்டிக்கொண்டே நின்றேன்.

தம்பி, கமலாவை நோர்வூட்டுக்கு அனுப்பு. செல்லம்மா உன் அம்மாவைக் கொல்லவில்லை. அதைச் சொல்லத்தான் இவ்வளவு தாள்.

நான் தோட்டத்து ஆஸ்பத்திரியில் என்ன வேலை பார்த்தேன் என்று உனக்குத் தெரியும், காயம் கட்டுவது, மருந்து கலக்குவது, கூட்டுவது எல்லாம். லயத்து வரிசை வீடுகளில் எனக்கு 'அரை டாக்டர்' என்று பட்டம். கேலிக்குத்தான் வைத்தார்கள், நான் அதை மெய்யாகவே எடுத்துக்கொண்டேன். அப்போது சவுக்காரத்துக்குத் தட்டுப்பாடு, தேங்காயெண்ணெயும் காரமும் போட்டு ஆஸ்பத்திரிக்கு நானே காய்ச்சுவேன். பிரசவ அறைக்குக் கை கழுவும் மருந்துத் தண்ணியும் என் பொறுப்பு. தாரிலிருந்து எடுக்கிற அந்தப் பழுப்பு மருந்து, கார்பாலிக், தண்ணியில் சேராது, எண்ணெய் மாதிரி சொட்டுச் சொட்டாக மிதக்கும். அதைச் சேர்த்து வைக்கத்தான் சவுக்காரம். மருந்து இத்தனை, சவுக்காரம் இத்தனை, தண்ணி இத்தனை என்று டாக்டரையா ஒரு அட்டையில் எழுதிச் சுவரில் மாட்டியிருந்தார். யாழ்ப்பாணத்து மனிதர், கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். அந்த அளவில் கலந்தால் தண்ணி அரிசி கழுவின கழுநீர் மாதிரி கலங்கி இருக்கும், மூக்கைத் துளைக்கும், கையில் எரியும்.

அந்தக் கலங்கல் எனக்குப் பிடிக்கவில்லை. அவ்வளவுதான் காரணம், வேறு பெரிய காரணமெல்லாம் இல்லை. ஒருநாள் என் சவுக்காரம் மிஞ்சியிருந்தது, கொஞ்சம் கூடப் போட்டேன். கலங்கல் குறைந்தது. இன்னும் போட்டேன். அட்டையில் இருந்த அளவைப்போல் இரண்டு மடங்கும் தாண்டினபோது கலங்கல் முழுக்க விலகி, வெயிலில் பிடித்த, பால் விடாத சாயத் தேத்தண்ணி மாதிரி செக்கச் சிவந்து தெளிந்து நின்றது. வாடை அடங்கிவிட்டது. கை விட்டால் எரிச்சல் இல்லை, நுரை மட்டும் பொங்கியது. நான் கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். டாக்டரையாவுக்குத் தெரியாதது எனக்குத் தெரிந்துவிட்டது. அவரிடம் சொன்னால் அட்டையைக் காட்டுவார் என்று சொல்லவில்லை. அவரும் போத்தலைத் தூக்கிப் பார்த்து, "இந்த முறை வடிவாய்க் கலந்திருக்கிறீர்" என்றார். ஒரு வாரம் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

செல்லம்மாவுக்கு மட்டும் சந்தேகம் வந்தது. அவருக்கு அப்போது முப்பது வயதிருக்கும், புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. கையைத் தண்ணியில் விட்டுவிட்டு மூக்கருகே கொண்டுபோனார்.

"என்னண்ணே, வாடையே வரலியே. மருந்து போட்டீங்களா, மறந்துட்டீங்களா?"

"அளந்துதான் போட்டிருக்கு. கண்ணாடி மாதிரி கரைஞ்சிருக்கு பாருங்க, இன்னும் என்ன?"

"எரியவும் இல்லியே."

"எரிஞ்சாத்தான் மருந்தா? மொளகாயக் கரைச்சுத் தரவா, நல்லா எரியும்."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு போனார். அதற்கப்புறம் கேட்கவில்லை. நான் கேலி பேசினதால் கேட்கவில்லை. ஆள் சிரிக்கிற மாதிரி பேசத் தெரிந்தவன் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு, உனக்கும் அது கொஞ்சம் வந்திருக்கிறது. லபோரட்டரியில் உனக்குக் கீழே யாராவது ஒருவர் வந்து, இது சரியில்லையே என்று முனகினால், வேடிக்கையாகப் பதில் சொல்லாதே. போய்ப் பார். உனக்குச் சொல்ல என்னிடம் இருக்கிற புத்திமதி இது ஒன்றுதான், மற்றதெல்லாம் எனக்கே சரியாகத் தெரியாது.

அந்த மூன்று நான்கு மாதத்தில் பிரசவமான இரண்டு பெண்களுக்குக் காய்ச்சல் கண்டது. பிழைத்துக்கொண்டார்கள். மழைக் காலம், குளிர் என்று எல்லோரும் சொன்னோம். பிறகு உன் அம்மா.

உன் அம்மாவுக்கு வலி எடுத்தபோது நீ பள்ளிக்கூடத்தில் இருந்தாய். பிரசவம் லேசாகத்தான் ஆயிற்று. பெண்பிள்ளை. செல்லம்மா வெளியே வந்து, "தங்கச்சி பொறந்திருக்குன்னு தம்பிகிட்டச் சொல்லுங்க" என்றார், கையெல்லாம் என்னுடைய நுரை. உன் அம்மா என்னைப் பார்த்து முதலில் சொன்னது என்ன தெரியுமா? "இந்தத் தடவ அந்த நாத்தமே இல்லீங்க. உன்னைப் பெத்தப்பத்தான் வயித்தைப் பொரட்டிச்சு." உன்னை என்றது உன்னைத்தான், நீயும் பள்ளிக்கூடம் விட்டு வந்து கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாய், இரண்டு பேரோடும் ஒரே வாக்கியத்தில் பேசுவாள் அவள். நான் அப்படியே பூரித்துப்போனேன். மூன்றாம் நாள் குளிர்காய்ச்சல் வந்தது. கம்பளிக்கு மேல் கம்பளி போட்டும் கட்டில் ஆடியது. லொறியில் போட்டு டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது நேரம் கடந்துவிட்டது என்றார்கள். ஒன்பதாம் நாள் முடிந்தது. பிள்ளையும் மாதம் தாண்டவில்லை. மற்றதை நீ அறிவாய், உனக்கு அப்போது ஒன்பது வயது.

உன் அம்மாவின் காரியம் முடிந்ததும் தோட்டத்துத் துரை விசாரணை வைக்கச் சொன்னார். ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டரையா மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். செல்லம்மா தூணோரம் நின்றார். மூன்று பிரசவம், மூன்று காய்ச்சல், ஒரு சாவு. டாக்டரையா என்னைப் பார்த்தார், என் மொட்டைத் தலையைப் பார்த்துக் குரலைத் தணித்துக்கொண்டார்.

"உம்மை இப்ப கேக்கக் கூடாது. எண்டாலும் கேக்க வேணும். மருந்து அட்டையில எழுதின அளவுதானே போட்டனீர்?"

"அதே அளவுதாங்க ஐயா."

பார், நான் பொய்கூடச் சொல்லவில்லை. மருந்து அதே அளவுதான். சவுக்காரத்தைப் பற்றி அவர் கேட்கவில்லை. பாதியைச் சொன்னேன். அவர் பெருமூச்சு விட்டு, "அப்ப கைதான் பிழை" என்றார். எல்லோரும் செல்லம்மாவின் கையைப் பார்த்தார்கள். அவரும் குனிந்து தன் கையைப் பார்த்தார்.

அந்த வாரக் கடைசியில் அவரை அனுப்பிவிட்டார்கள். தகரப்பெட்டியோடு லயத்து வழியே போனார். நீ ஓடிப்போய் ஒரு மண்ணாங்கட்டியை எடுத்து எறிந்தாய், முதுகில் பட்டது. திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார். நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். உன்னைத் தடுக்கவில்லை. அந்த மண்ணாங்கட்டியை நீ உன் கணக்கில் வைத்துக்கொள்ளாதே, அதை எறிந்தது நான்.

இன்னும் ஒன்று இருக்கிறது, இதுதான் மிக மோசம். எனக்கு அப்போது ஒன்றும் தெரியாது, நீ பொங்கலுக்குச் சொன்ன பிறகுதான் தெரிந்தது என்று எழுதினால் நீ நம்புவாய், என்னை மன்னித்தும் விடுவாய். ஆனால் செல்லம்மா போன மறுநாளே நான் பழைய அளவுக்குத் திரும்பிவிட்டேன். அட்டையில் இருந்தபடி, கலங்கலாக, எரிய எரிய. ஏன் அப்படிச் செய்கிறேன் என்று என்னையே நான் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும் என்று பயம். காய்ச்சலும் நின்றுவிட்டது. புது மருத்துவிச்சி வந்தார், ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. லயத்தில் என்ன சொன்னார்கள்? "செல்லம்மா போனா, காய்ச்சலும் போச்சு." அந்தப் பேச்சு அவருக்கு முன்னே நோர்வூட் போய்ச் சேர்ந்திருந்தது. அங்கே ஐந்து வருடம் கொழுந்துதான் பறித்தாராம். அவசரத்துக்கு ஒரு பிரசவம் பார்த்து, அது நல்லபடி ஆகி, அப்புறம்தான் மறுபடி கூப்பிட ஆரம்பித்தார்களாம். பதினாலு வருடமாக உன் மனதிலும் அதே பேச்சு. ஒவ்வொரு திதிக்கும் நீ அவரைத் திட்டும்போது நான் வாழையிலையைத் துடைத்துக்கொண்டிருப்பேன், கவனித்திருப்பாய்.

நீ படித்தவன், இதைப் படித்ததும் ருசுப்படுத்த முடியாது என்பாய். தண்ணி மாசு, துணி மாசு, உன் அம்மாவுக்கே உடம்பில் என்ன இருந்ததோ. எல்லாம் இருக்கலாம். என் போத்தலில் எத்தனை கும்பல் கூடியிருந்தது, எவ்வளவு மருந்து அதற்குள் ஒளிந்திருந்தது என்று இனி யார் எண்ணுவது? எனக்குத் தெரிந்தது, ஓர் அளவு வரைக்கும் ஒன்றும் ஆகவில்லை, அதைத் தாண்டினதும் ஆயிற்று, திரும்பி வந்ததும் நின்றது. ஒரு பெண் மூக்கில் வைத்துப் பார்த்து இது சரியில்லை என்றாள். உன் அடுப்புக்கல் படம் இன்னும் அப்படியே இருக்கிறது, சாணி போட்டு மெழுகவில்லை. தேத்தண்ணிக்குத் தண்ணி வைக்கும்போதெல்லாம் கண்ணில் படுகிறது, தலை வெளியே, வால் உள்ளே.

போன ஞாயிறு நோர்வூட்டுக்குப் போனேன். நீ சொல்லச் சொன்னதைச் சொல்லவா, நான் சொல்ல வேண்டியதைச் சொல்லவா என்று பஸ் முழுக்க யோசனை. ஹட்டனில் பஸ் மாறும்போது திரும்பிவிடலாம் என்றுகூட ஒரு பக்கம் நின்றேன், கண்டக்டர் தள்ளி ஏற்றிவிட்டார். சம்பந்தி அந்த வேட்டியைத்தான் கட்டியிருந்தார், எனக்காக வேண்டுமென்றே கட்டினாரோ என்னவோ. மாசிக் கடைசியில் வளைகாப்பு, அப்படியே பெண்ணை வைத்துக்கொள்கிறோம் என்றார். "தம்பி எழுதுவாருங்க" என்றேன். அந்த நேரம் வாசலில் ஒரு அம்மா வந்து நின்றார். தலை நரைத்திருந்தது. கையில் ஒரு துணி மூட்டை.

"அண்ணே, என்னைத் தெரியுதா?"

தெரிந்தது. எழுந்து நின்றேன். அவர் மூட்டையைப் பிரித்தார், பழைய சேலையைக் கொதிக்க வைத்து உலர்த்தி மடித்த துணிகள், பிள்ளைக்கு. "கமலாவுக்கு ரெடி பண்ணிட்டேன்" என்றார். "தம்பி நல்லா இருக்கானா? சவுக்காரக் கம்பெனியிலயாம்ல. எம் மேல இன்னும் கோவம் இருக்கும். இருக்கட்டும், பெத்தவளைப் பறிகொடுத்த புள்ளை." அப்புறம்தான் அவர் கையைப் பார்த்தேன். மணிக்கட்டு வரைக்கும் தோல் வெளுத்து, கோடு கோடாக வெடித்து, நகக்கண்ணெல்லாம் தின்றுபோயிருந்தது. நான் பார்த்ததை அவரும் பார்த்தார்.

"அது ஒண்ணுமில்லண்ணே. மருந்தைக் கொஞ்சம் காரமாவே போட்டுக் கழுவுறது. ஒரு தடவைக்கு நாலு தடவ. அன்னைக்கு எங் கையில என்ன ஒட்டிக்கிட்டு இருந்துச்சோன்னு இன்னமும் யோசிச்சுப் பாக்குறேன், ஞாபகம் வர மாட்டேங்குது. இப்பல்லாம் எரிஞ்சாத்தான் எனக்குத் தூக்கம் வரும்." பிறகு சொன்னார், அவருடைய தம்பி குடும்பம் இரண்டு அரசும் போட்ட ஒப்பந்தத்தில் இந்தியாவுக்குப் போகப் பெயர் எழுதிக்கொடுக்கப் போகிறதாம், இவரும் கூடப் போய்விடுவாராம். "கமலா பிரசவத்தைப் பாத்துட்டுப் போயிருவேன். அந்தத் தம்பியோட புள்ளைக்கு எங் கையால ஒண்ணு நல்லபடியா நடந்துச்சுன்னா, மனசு ஆறும்."

அவரே தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தார். குடித்தேன். நல்லா இருக்கீங்களா என்று கேட்டேன். பஸ்ஸுக்கு நேரமாச்சு என்றேன்.

தம்பி, மாசி மூன்றாம் ஞாயிறு லீவு போட்டுக்கொண்டு வா. கமலாவையும் அழைத்துவா, ஸ்டேஷனில் பனி இறங்கும், காதுக்குக் கட்டிக்கொள்ளச் சொல். மூன்று பேருமாக நோர்வூட் போவோம். நான் அங்கே போய் மறுபடி தேத்தண்ணி குடித்துவிட்டு, வேடிக்கையாக எதையாவது பேசிவிட்டு எழுந்து வந்துவிடுவேன், எனக்கு என்னைத் தெரியும். அதனால் நீ எனக்கும் வாசலுக்கும் நடுவில் உட்கார வேண்டும். அப்படியும் என் வாய் திறக்காவிட்டால் இந்தத் தாளை எடுத்துக் கடைசி வரியை மட்டும் அவருக்குப் படித்துக்காட்டு. வராந்தாவில் எல்லோரும் அவர் கையைப் பார்த்தபோதும், போன ஞாயிறு அந்தக் கையாலேயே தேத்தண்ணி வாங்கினபோதும் என் தொண்டை வரைக்கும் வந்து நின்றது இதுதான்.

செல்லம்மா, உங்க கை சுத்தமாத்தான் இருந்துச்சு.